அக்காவுக்கு மூன்றாந்தரம், தங்கச்சிக்கு முதற்தரம்

இரண்டாந்தரம் உயர்தரப் பரீட்சை எழுதியபோது பல் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளிக்கு ஒரு துளி கீழே நின்றுவிட்டேன். அந்தத் துளி எவ்வளவு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கடைசியில் "கொஞ்சத்தாலை போட்டுது" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

முதற்தரம் எழுதும்போது பல் மருத்துவம் என்ற நினைப்பே எனக்கு இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் மருத்துவ பீடத்துக்கென்றுதான் படிப்பார்கள். அது கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் கீழே என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். அம்மா பல் மருத்துவத்தை ஒரு குறையாக எடுக்கவில்லை. "பல்லு டொக்டரும் டொக்டர்தானே" என்றா. அம்மா குருநகரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த நண்டுக் கொம்பனியில் சதை பிரிக்கிற வேலை செய்தா. அங்கே கூட வேலை செய்த பெண்களுக்கு, மூத்தவள் பல்லு டொக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லியும் விட்டா.

எனக்கு அதில் உண்மையான விருப்பம் வந்தது அப்பாவால். அப்பா வள்ளத்தில் நண்டு வலை விடப் போகிறவர். ஒருமுறை கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் ஒரு பக்கம் உப்பி, அப்படியே நாலைந்து நாள் கடலுக்குப் போய் வந்தார். பிறகு தாங்க ஏலாமல் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே இருந்தது என்னை விடக் கொஞ்சம் வயது கூடிய ஒரு டொக்டர் அக்கா. "ஐயா, வாயைத் திறவுங்கோ, நான் சொல்லாமல் ஒண்டும் செய்ய மாட்டன்" என்றா. அப்பா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பல்லைப் பிடுங்கி முடிந்த பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. "முடிஞ்சுது ஐயா" என்று அவ இரண்டாம் முறை சொன்னபோதுதான் திறந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், வாயில் பஞ்சோடு, அந்தப் பிள்ளையின் கை எவ்வளவு மெதுவானது என்று எனக்குச் சைகையால் காட்டிக்கொண்டு வந்தார். இரண்டாந்தரம் நான் படித்ததெல்லாம் அந்த அறையை நினைத்துத்தான்.

ஆனால் எனக்குக் கிடைத்தது விவசாயம். கிளிநொச்சிப் பக்கம் இருக்கிற பீடம். செய்தி வந்தபோது அப்பா வலையில் சிக்கிய பாசியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "நீ வயலைக் கிட்டப் போய்ப் பாத்திருக்கிறியே பிள்ளை?" என்றார். பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டார். நான் பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறேன் என்றேன். அப்பா தலையாட்டிவிட்டுத் திரும்பவும் பாசியைக் கழற்றினார்.

விவசாயத்துக்குப் பதிந்துவிட்டால் அதோடு சரி. பிறகு எவ்வளவு நல்ல புள்ளி எடுத்தாலும் வேறு பீடத்துக்கு எடுக்க மாட்டார்கள். பதியாமல் விட்டால் மூன்றாந்தரம் எழுதலாம். அதுதான் கடைசித் தரம். அதிலும் தவறினால் கையிலிருந்த விவசாயமும் இல்லை. இந்தச் செய்தி வந்த நேரம் அடுத்த பரீட்சைக்குச் சில மாதங்கள்தான் இருந்தன. மூன்றாந்தரத்துக்கான விண்ணப்பத்தை எல்லோரையும் போல நானும் முன்பே அனுப்பி வைத்திருந்தேன். எழுதுவதா, பதிவதா என்று முடிவெடுக்க இருந்தது கொஞ்ச நாள்.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. என் தங்கச்சி எனக்கு இரண்டு வகுப்புக் கீழே. அவளும் உயிரியல்தான். என் மூன்றாந்தரமும் அவளுடைய முதற்தரமும் ஒரே பரீட்சை.

வீட்டில் யாரும் இதைப் பற்றிக் கதைக்கவில்லை. நானும் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் எழுதினால் புத்தகமாவது பொதுவாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். ரியூசன் வாசலில் சைக்கிள் எடுக்கும்போது, என்னோடு இரண்டாந்தரம் எழுதியவள் ஒருத்திதான் அதைச் சொன்னாள்.

"அக்காவும் தங்கச்சியும் ஒரேயடியா எழுதப் போறியளே?"

"ஓம்."

"மாவட்டத்துக்கு உள்ளதே கொஞ்ச இடம். அதுக்குள்ளை நீங்கள் ரெண்டு பேரும்."

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். ஒவ்வொரு பீடத்துக்கும் மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்றுதான் எடுப்பார்கள். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கணக்கு தலைக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. கடைசி இடத்துக்கு நானும் தங்கச்சியும் நின்றால் என்ன நடக்கும். நான் எடுத்து அவள் விட்டால் அந்த வீட்டில் நான் எப்படிச் சாப்பிடுவேன். அவள் எடுத்து நான் விட்டால் எப்படிச் சாப்பிடுவேன். ஒரு மாவட்டம் முழுக்க எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சையில் அப்படி நடக்கிற சாத்தியம் எவ்வளவு குறைவு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன பிரயோசனம்.

நான் எல்லோரிடமும் போய்க் கேட்டேன். ரியூசனில் படிப்பிக்கிற சேரிடம் கேட்டேன். "மூண்டாந்தரம் எழுதி எடுத்த ஆக்கள் என்னட்டை எத்தினை பேர் படிச்சவை தெரியுமோ" என்றார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. வெளியே வந்து செருப்பைப் போடும்போது பின்னால் வந்து, குரலைத் தணித்து, "எடுக்காத ஆக்களும் இருக்கினம் பிள்ளை, யோசிச்சுச் செய்" என்றார். பிரான்சில் இருக்கிற மாமாவோடு கதைக்கச் சொல்லி அம்மா தொலைபேசியைத் தந்தா. "ஒரு வருசம் என்ன பெரிய வருசமே, எழுது" என்றார் அவர். அடுத்த கிழமை அவரே எடுத்து, "கையிலை வந்ததை விடாதை" என்றார். போன கிழமை மாறிச் சொன்னீர்களே மாமா என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை, பாவம்.

அம்மா செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து நண்டு மணத்தோடேயே அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினா. ஒருநாள் நானும் கூடப் போனேன். திரும்பி வரும்போது கேட்டேன்.

"அம்மா, என்ன எண்டு கேட்டு மண்டாடினீங்கள்?"

"எனக்கு என்ன எண்டு கேக்கிறதெண்டே தெரியேல்லை" என்றா. "ஒருத்திக்குக் கேட்டால் மற்றவளுக்குக் கேக்காத மாதிரிக் கிடக்கு. அதாலை திரியைக் கொளுத்திப்போட்டுச் சும்மா நிண்டனான்."

அப்போதுதான் அம்மாவும் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறா என்று எனக்கு விளங்கியது. அம்மாவுக்கு யார் சொன்னார்களோ. நண்டு பிரிக்கிற இடத்தில் யாராவது சொல்லியிருக்கலாம்.

தங்கச்சியோடு கதைக்க எனக்குப் பயம். அவள் அதிகம் கதைக்கிறவளும் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரு மேசை. நான் முதற்தரம் எழுதிய காலத்திலிருந்து அது என்னுடைய மேசை. அவள் கட்டிலில் காலை மடக்கி இருந்து, மடியில் பலகையை வைத்துத்தான் படிப்பாள். நான் எழுந்து போனாலும் மேசைக்கு வர மாட்டாள்.

ஒருநாள் பின்னேரம் ரியூசன் முடிந்து கடற்கரை வீதியால் வந்துகொண்டிருந்தோம். அவளுடைய சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. இறங்கி, குந்தியிருந்து அதை மாட்டத் தொடங்கினாள். நான் என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவள் நிமிராமலே கேட்டாள்.

"அக்கா, நீ விவசாயத்துக்குப் போறியே?"

"தெரியேல்லை. நீ என்ன சொல்லுறாய்?"

"என்னட்டைக் கேக்காதை."

"ஏன்?"

செயின் ஒரு பல்லில் ஏறி மற்றதில் நழுவியது. அவள் கை முழுக்கக் கறுப்பு எண்ணெய்.

"எனக்குப் பயமாக் கிடக்குது அக்கா. நான் உன்னிலும் பாக்கக் கூட எடுத்தாலும் பயம். குறைய எடுத்தாலும் பயம். நீ எழுதாமல் போனால், எனக்காகத்தான் போனனி எண்டு நினைப்பன். அதுவும் பயம்."

நான் அவளுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மூத்தவள் நான். "செயினைப் பின்னாலை இருந்து மாட்டு" என்று மட்டும் சொன்னேன். அவள் அப்படியே மாட்டினாள். கையை மண்ணில் தேய்த்துத் துடைத்தாள். இருவரும் ஏறி வீட்டுக்கு வந்தோம்.

பதிய வேண்டிய கடைசி நாள் அப்பா கடலுக்குப் போகவில்லை. வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையை நீர் தொட்டு வாரி, "வா பிள்ளை, பஸ் ஸ்ராண்டடிக்குப் போவம்" என்றார். அங்கே ஒரு கொமினிகேசன் கடையில்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பதிவுகளைச் செய்வார்கள். கடைக்காரப் பெண் என் விவரங்களைக் கேட்டுக் கணினியில் தட்டினா. திரையில் என் பெயரும், விவசாயம் என்பதும் வந்தன. அதற்குக் கீழே அழுத்துவதற்கு ஒரு பெட்டி.

"பதியட்டே தங்கச்சி?" என்று அவ கேட்டா.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடையின் கண்ணாடிக் கதவோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவர் மாதிரி நின்றார்.

"அப்பா, என்ன செய்ய?"

"எனக்கு விளங்கேல்லைப் பிள்ளை" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. "நான் ஓம் எண்டால் நாளைக்கு நீ அழுவாய். இல்லை எண்டாலும் அழுவாய். எதுக்குக் குறைய அழுவாயெண்டு எனக்குத் தெரியேல்லை. தெரிஞ்சால் சொல்லாமல் இருப்பனே?"

எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். "அவைக்குச் செய்யுங்கோ, நான் கொஞ்சம் யோசிச்சுப்போட்டு வாறன்" என்று எழுந்து இடம் விட்டேன். ஒருவர் வந்து அந்தக் கதிரையில் இருந்தார். அவர் முடித்துப் போக இன்னொருவர் இருந்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கடைக்காரப் பெண் என்னை இரண்டு முறை பார்த்தா, பிறகு பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடை பூட்டும் நேரமாகியது. "பின்னேரம் வாறம்" என்று அப்பா அவவிடம் சொன்னார்.

பின்னேரம் நாங்கள் போகவில்லை. போவோம் என்று அப்பா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அப்பா வெள்ளைச் சேட்டைக் கழற்றாமலே முற்றத்தில் இருந்து வலையைப் பின்னினார். அம்மா வேலையால் வந்து என் முகத்தைப் பார்த்தா, பிறகு அப்பாவின் சேட்டைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனா. தங்கச்சி கட்டிலில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு பக்கமும் புரளவில்லை. வெளிச்சம் போய், பிறகு கோயில் மணி அடித்து, சாப்பிடுகிற நேரம் வந்தது. கடை பூட்டியிருப்பார்கள். நான் மூன்றாந்தரம் எழுதுவது என்று அப்படித்தான் முடிவானது. எங்களில் யார் அந்த முடிவை எடுத்தது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகான மாதங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேசையின் ஒரு பாதியைத் துடைத்து அவளுக்கு விட்டேன். அவள் வந்து இருந்தாள். முன்பெல்லாம் இரசாயனவியலில் விளங்காததை என்னிடம் கேட்பாள். அந்த மாதங்களில் கேட்கவில்லை. நானாகச் சொல்லிக் கொடுத்தால் கேட்டாள், ஆனால் "விளங்குது, விளங்குது" என்று அவசரமாக முடித்துவிடுவாள். அக்காவின் நேரத்தை எடுக்கிறேன் என்று நினைத்தாளா, நான் சொல்லித் தந்து அவள் கூட எடுத்துவிட்டால் என்று நினைத்தாளா, கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

பரீட்சைக்கு நான் தனிப்பட்ட பரீட்சார்த்தி, அவள் பாடசாலைப் பரீட்சார்த்தி. மண்டபங்கள் வேறு. ஒவ்வொரு நாளும் காலையில் அம்மா இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு அனுப்புவா. சந்திவரை ஒன்றாகப் போய் அங்கே பிரிவோம். எனக்கு வினாத்தாள்கள் எல்லாமே முன்பு பார்த்தவை போல இருந்தன. அதுதான் தொல்லையாகிப் போனது. பார்த்தவுடன் விடை தெரிந்தது, தெரிந்தவுடன் சந்தேகம் வந்தது. இரசாயனவியல் பல்தேர்வு வினாக்களில் சரியாகப் போட்டதை அழித்துப் பிழையாகப் போட்டேன் என்று வெளியே வந்து மற்றவர்களோடு கதைக்கும்போது தெரிந்தது. ஒன்றல்ல, பல. சந்தியில் தங்கச்சி நின்றாள். "எப்பிடி?" என்று கேட்டாள். "பரவாயில்லை. உனக்கு?" என்றேன். "பரவாயில்லை" என்றாள்.

பெறுபேறு வந்த அன்று தொலைபேசியில் நான்தான் பார்த்தேன். அவளுடைய சுட்டெண்ணை முதலில் போட்டேன். அவள் என் பின்னால் நின்று என் தோளைப் பிடித்திருந்தாள். அவளுடைய புள்ளி நான் எந்தத் தரத்திலும் எடுத்ததை விட நல்லது. மருத்துவத்துக்குப் போதாது, பல் மருத்துவத்துக்குத் தாராளம். பிடித்திருந்த கை என் தோளை விட்டது. "உன்ரையைப் பார் அக்கா" என்றாள். பார்த்தேன். இரண்டாந்தரம் எடுத்ததை விடக் குறைவு.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். தங்கச்சி விழுந்து விழுந்து அழுதாள். வெளியிலிருந்து பார்த்தால் அவள்தான் பிழைவிட்டவள் என்று நினைத்திருப்பார்கள். நான் அழவில்லை. அழுதால் அவள் இன்னும் அழுவாள் என்று இருந்தது. அம்மா அவளை ஒரு கையாலும் என்னை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றா. அப்பா முற்றத்துக்கும் அறைக்குமாக நடந்தார். கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு அன்ரி வந்தா. எந்த முகத்தோடு உள்ளே வருவது என்று அவவுக்கும் தெரியவில்லை. வாசலில் சிரிப்போடு வந்தவ, என்னைக் கண்டதும் சிரிப்பை மறைத்தா. பிறகு தங்கச்சியைக் கண்டு திரும்பச் சிரிக்கப் பார்த்தா. கடைசியில், "தேத்தண்ணி போடட்டே?" என்று எங்கள் அடுப்படிக்குள்ளேயே போய்விட்டா.

நான்தான் அம்மாவிடம் சொன்னேன். "ஏதாவது நல்லதாச் சமையுங்கோ அம்மா. இது நல்ல நாள்தானே." அம்மா அன்று இறால் பொரித்தா. நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டோம். யாரும் அதிகம் சாப்பிடவில்லை.

மாவட்டத்தில் என்னை விடக் கூட எடுத்தவர்கள் எவ்வளவோ பேர். எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் அவ்வளவு பேர் நின்றார்கள். நான் எழுதியதால் அவளுக்கு ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. எழுதாமல் விட்டிருந்தாலும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் அத்தனை மாதம் பயந்தது இல்லாத ஒன்றுக்கு. அதை அறிந்தபோது ஆறுதல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மாதங்கள் கழித்து பல்கலைக்கழக அனுமதி வந்தது. தங்கச்சிக்குப் பேராதனையில் பல் மருத்துவம். எனக்குத் திரும்பவும் விவசாயம், அதே கிளிநொச்சி. அப்பா கேட்டுவிட்டு, "அதே தானே?" என்றார். "ஓம் அப்பா, அதே தான்." இந்த முறை கொமினிகேசனுக்கு நான் தனியே போய்ப் பதிந்துவிட்டு வந்தேன். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

தங்கச்சி போய் ஒரு மாதம் இருக்கும். நானும் வகுப்புத் தொடங்கி, விடுதியில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, உடுப்புத் தோய்த்துக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கும்போது அவள் அழைத்தாள். முதலில் மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கதைத்தாள். அங்கே குளிர் என்றாள். பிறகு, "அக்கா..." என்று இழுத்தாள்.

"என்ன?" என்றேன்.

"அக்கா, எனக்கு இது பிடிக்கேல்லை."

"ராகிங் ஏதும் செய்யினமே?"

"அதில்லை. இந்தப் படிப்புப் பிடிக்கேல்லை." என்றாள். "நான் மிருக வைத்தியம்தான் செய்ய நினைச்சனான். புள்ளி அதுக்குத் தாராளமாக் காணும். ஆனால் விண்ணப்பத்திலை விருப்ப ஒழுங்கு போடேக்குள்ளை உன்னை நினைச்சன். நீ இவ்வளவு ஆசைப்பட்டதைக் கிடைக்குமெண்டு தெரிஞ்சும் போடாமல் விட்டால், உன்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது? அதாலை இதைத்தான் மேலை போட்டனான்."

என் கையில் ஈரத் துணி. அதைப் பிழிந்துகொண்டே நின்றேன். அவளுக்கு மிருக வைத்தியம் விருப்பம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரே அறையில் கிடந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்ல இடமிருந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். அந்த வீட்டில் அவ்வளவு காலமும் என்னுடைய பரீட்சையைப் பற்றி மட்டும்தான் கதை நடந்தது.

"மாத்த ஏலாதே?" என்று கேட்டேன்.

"விசாரிச்சனான். ஏலாதாம்."

"அப்ப என்ன செய்யப் போறாய்?"

"தெரியேல்லை. நீ சொல்லு."

என்ன சொல்வது. விட்டுவிட்டு வந்து திரும்ப எழுது என்று சொல்லவா. இருந்து படி என்று சொல்லவா. எல்லோரிடமும் போய்க் கேட்டவள் நான், அவர்கள் திணறியதைப் பார்த்தவள் நான். இப்போது நானும் அப்படியே திணறிக்கொண்டு நின்றேன்.

"கொஞ்ச நாள் இருந்து பார்" என்றேன். அவள் "ஓம்" என்றாள். "சாப்பிட்டியே?" என்று கேட்டேன். "இனித்தான்" என்றாள்.

அவள் விட்டுவிட்டு வரவில்லை. இப்போது மூன்றாம் வருடம். லீவில் வீட்டுக்கு வந்தால் அம்மா நண்டுக் கொம்பனிப் பெண்களுக்குக் காட்டவென்று அவளைக் கூட்டிப் போவா, அவளும் மறுப்புச் சொல்லாமல் போவாள். பிடிக்கவில்லை என்று அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் சொல்லவில்லை. பிடித்துவிட்டதா என்று நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறை அவள் அழைக்கும்போதும் கேட்கத்தான் நினைக்கிறேன். கேட்டு, இல்லை என்று சொன்னால், அன்றைக்கும் என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்காது.